எண்ணெய் பட்ட லைனிங்

1

என் மகள் கிரேஸ் பழைய கார் ஒன்று வாங்கினாள். வயது பதினெட்டு. அவள் சம்பளம், அவள் கார். என்னையும் கேட்கவில்லை, அவள் அம்மாவையும் கேட்கவில்லை. கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, "டாட், பிரேக் மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்று இங்கிலீஷில் சொன்னாள். அடுத்த மாதம் வேறு ஊரில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போகிறாள், அங்கே அறை எடுத்துத் தங்கப்போகிறாள் என்பதும் அதே மூச்சில் வந்தது. இங்கே பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதை இப்படித்தான் சொல்கிறார்கள். கடைக்குப் போய்வருகிறேன் என்கிற மாதிரி இருக்கும்.

நான் இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. பர்மிங்ஹாமில் ஒரு பஸ் டெப்போவில் ஃபிட்டர் வேலை. காலை ஏழு மணிக்குப் பள்ளத்தில் இறங்கினால் மாடி பஸ்களின் அடிவயிறுதான் எனக்கு ஆகாயம். என் பெஞ்சுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் பிரேக் வேலை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டதல்ல. யார் எந்தப் பாவத்துக்கு எங்கே உட்கார வேண்டும் என்று மேலே ஒருவர் பட்டியல் வைத்திருக்கிறார் என்று சில நாள் தோன்றும்.

சனிக்கிழமை இருவருமாகச் சாமான் கடைக்குப் போனோம். இந்தக் காரில் முன்சக்கரங்களுக்குப் புது மாதிரி பிரேக். ஒரு இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் இரண்டு வில்லைகள் கவ்விப் பிடித்து நிறுத்தும். அந்த வில்லைக்குப் பேட் என்று பெயர். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று விலை குறைவு, கூச்சல் போடும். இன்னொன்று காலை வைத்ததுமே பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். மூன்றாவது கெட்டி. சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும். "எது வேண்டும்?" என்றார்.

நான் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பேட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். கிரேஸ் காது சிவந்து, "எதையாவது எடுங்க டாட், எல்லாம் பிரேக்தானே" என்றாள். இரண்டாவதை எடுத்தேன்.

வீட்டு வாசலில் தெரு ஓரமாகவே வண்டியைத் தூக்கி வைத்து வேலையை ஆரம்பித்தேன். தானும் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜாக்கியைப் பிடித்த கையோடு புதுப் பேட்டைக் காகிதத்திலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். அதன் முகத்தில் அவள் கட்டைவிரல் ரேகை கிரீஸில் அச்சாகியிருந்தது.

நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "இதுக்கென்ன, பெட்ரோல் போட்டுத் துடைச்சா போச்சு" என்றாள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. அவள் கையிலிருந்து பிடுங்கி, பெட்டியோடு எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் எறிந்தேன். "தொடாதே, எழுந்து போ" என்று தெருவே கேட்கும்படி தமிழில் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை விலகியது. கிரேஸ் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் மறுபடி கடைக்கு நடந்து போய் அதே பேட்டை இன்னொரு முறை வாங்கிவந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பெட்ரோல் போட்டுத் துடைத்தால் போகாது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஊரில் இதைப் படிப்பவர்களில் சிலர் உத்திரமேரூர்க்காரர்களாக இருக்கலாம். அவர்களில் சிலருக்கு நான் சொல்லப்போவதில் பாதி முன்பே தெரியும். மற்றப் பாதியை நான் ஏழு வருஷம் சொல்லவில்லை.

2

எனக்குச் சொந்த ஊர் காவாந்தண்டலம். சேரியில் பிறந்தவன், ஞானஸ்நானம் பெற்றவன், பெயர் தாவீது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். நான் யுத்த காலத்தில் ஆவடி மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் கூலியாகச் சேர்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலையிலிருந்து ஸ்பேனர் பிடிக்கிற வேலைக்கு வந்தவன். யுத்தம் முடிந்ததும் உத்திரமேரூருக்கு வந்து ஒரு மொதலாளியிடம் சேர்ந்தேன். அவருக்கு நஞ்சை இருந்தது, ஒரு கார் ஷெட் இருந்தது, ஒரே ஒரு கறுப்புக் கார் இருந்தது. கல்யாணம், பிரசவம், கோர்ட்டு, கோயில் எல்லாவற்றுக்கும் சுற்று வட்டாரத்தில் அந்தக் கார்தான் வாடகைக்குப் போகும்.

என் அப்பா தன் காலம் முழுக்க நிலக்காரரை "ஆண்டே" என்று கூப்பிட்டார். நான் இவரை "மொதலாளி" என்று கூப்பிட்டேன். வித்தியாசம் ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையைச் சம்பாதிக்க எனக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது. அதை இழக்க நான் தயாராக இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது.

காரை ஓட்டியவன் ஏகாம்பரம். என் வயதுதான். மாட்டு வண்டிக்குக்கூட ஹாரன் அடிக்கக் கூச்சப்படுவான். மாடு மிரளும் என்பான். ஷெட்டில் என் தூக்குச் சட்டியைத் திறந்து கருவாட்டுக் குழம்பில் கை வைக்கிற ஒரே மேல்தெரு ஆள் அவன். "இன்னா தாவீது, இன்னிக்கி உப்பு தூக்கலா கீது" என்று குறையும் சொல்வான்.

அந்த வருஷம் காரின் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. அந்தக் காலத்துக் கார்களுக்குச் சக்கரத்துக்குள்ளே ஒரு டிரம். அதனுள் இரண்டு வளைந்த இரும்பு ஷூ. ஷூவின் மேல் ரிவெட் அடித்த பட்டைதான் லைனிங். அது டிரம்மில் உரசித்தான் வண்டி நிற்கும். மெட்ராஸுக்குப் பஸ் ஏறிப்போய் நான்தான் வாங்கினேன். அங்கேயும் கடைக்காரர் இரண்டு வகையைக் காட்டினார். ஒன்று அச்சில் வார்த்த கெட்டிப் பட்டை, இன்னொன்று கல்நாரும் கம்பியும் சேர்த்து நெய்தது. நெய்ததுதான் என் கைக்குப் பழக்கம். வளைத்து ரிவெட் அடிக்க எளிது. அதையே எடுத்தேன். நெய்த பட்டை துணி மாதிரி, எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதுவும் தெரிந்துதான் எடுத்தேன். எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டால் போகிறது என்று இருந்தேன்.

3

ரிவெட் அடித்து முடித்தது ஆயுத பூஜை அன்று பிற்பகல். எட்டு ஷூவும் வரிசையாகச் சாக்கின் மேல் கிடந்தன. சக்கரத்தில் மாட்டிவிட்டு நான் கிளம்பியிருக்க வேண்டும். அதற்குள் மொதலாளி குளித்து, ஈர வேட்டியோடு ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

"தாவீது, எல்லாத்தியும் எடுத்து வெய்யிடா. ஒரு ஸ்பேனர் வுடக் கூடாது" என்றார்.

எடுத்து வைத்தேன். சுத்தி, ஜாக்கி, ஸ்பேனர், காற்றடிக்கிற பம்பு எல்லாம் வாழை இலைக்கு முன்னால் போயின. அவரே ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெய் கொண்டுவந்து, துணியில் தோய்த்து, ஒவ்வொன்றாகத் துடைத்து மெருகேற்றினார். ஏரும் மண்வெட்டியும் அவர் வீட்டில் அப்படித்தான் பூஜைக்கு உட்காரும். இரும்பென்றால் எண்ணெய் போட்டு வைப்பதுதான் மரியாதை. அடுத்து அவர் கை லைனிங் பக்கம் போனது.

"புதுசா வந்துகீது, இதுக்குத்தான் மொதல்ல பண்ணியிருக்கணும்" என்று ஒரு ஷூவை எடுத்தார். லைனிங்கின் மேல் எண்ணெயை நன்றாகத் தேய்த்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல அவ்வளவு பொறுமையாகத் தேய்த்தார். பிறகு சந்தனம், அதன் மேல் குங்குமம்.

என் கை நீண்டுவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா பாக்கற? உங்க சாமி கோச்சிக்குமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் நான் அப்போது "வேணாம்" என்று சொல்லியிருந்தால், சேரிக்கார வேதக்காரன் எங்கள் பூஜையில் "வேணாம்" என்று சொன்னான் என்றுதான் ஊருக்குள் போயிருக்கும். நல்ல நாளில் விளக்குக்கு முன்னால் "கெட்டுப்போயிடும்" என்ற வார்த்தையை வாயில் எடுக்க முடியுமா? மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே எண்ணெய் பட்ட லைனிங்கைத் துடைக்காதே, தூக்கி எறி என்பது. அது தொண்டைவரை வந்தது.

"இல்ல மொதலாளி" என்றேன்.

எட்டு ஷூவுக்கும் எண்ணெய் போட்டார். கற்பூரம் காட்டி, எனக்கும் பொரிகடலை கொடுத்தார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடி விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் எடுக்கலாம். அதுவரை யாரும் தொடக் கூடாது. ஆகவே லைனிங் இரவு முழுக்க எண்ணெய் குடித்தது.

காலையில் என் கையில் வந்தபோது எட்டு மணிக்குப் பெருநகர் கோயிலுக்கு மொதலாளி குடும்பமே கிளம்பத் தயாராக இருந்தது. நான் ஒரு டின் பெட்ரோலை எடுத்து எட்டையும் துடைத்தேன். வெயிலில் காயவைத்தேன். பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. விரலால் அழுத்தினேன். விரல் லேசாகப் பளபளத்தது. ஏகாம்பரம் வந்து, "ரெடியா பா?" என்றான்.

மொதலாளியிடம் போய், உங்கள் பூஜையால் லைனிங் பாழாகிவிட்டது, இன்றைக்கு வண்டி போகாது என்று சொல்லவேண்டிய நேரம் அதுதான். நான் டிரம்மை மாட்டினேன்.

"ரெடி" என்றேன்.

4

நெய்த லைனிங்கில் இறங்கிய எண்ணெய் குளிர்ச்சியாக இருக்கும்வரை உள்ளேயே கிடக்கும். பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். நாலு தடவை மிதித்துச் சூடேறியதும் வியர்க்கிற மாதிரி மேலே வரும். விஜயதசமியன்று பெருநகர் ரோடு முழுக்க மாட்டு வண்டி. ஏகாம்பரம் அடிக்கு ஒரு தடவை பிரேக் போட்டிருப்பான். பெருநகருக்கு முன்னால் ஏரிக்கரை மேல் ஏறி ரோடு இறங்குகிற இடம். சம்பா நடவுக்கு வந்த பெண்கள் வரிசையாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஒருத்தி ஓடவில்லை. தலையில் நாற்றுக்கட்டு இருந்தது, வண்டி வருவது தெரியவில்லை என்று சொன்னார்கள்.

அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

மத்தியானம் நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையில் ரத்தம். அவளைத் தூக்கியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"தாவீது, பெடலு கல்லாட்டம் நின்னுச்சுடா. வண்டிதான் நிக்கல. ரெண்டு காலயும் வெச்சி மிதிச்சேன். நீ சொல்லு அவங்ககிட்ட, நான் சொன்னா இவுங்க நம்ப மாட்டறாங்க" என்றான்.

"சொல்றேன்" என்றேன்.

ஸ்டேஷனில் நிறுத்த இடமில்லை என்று காரை ஷெட்டுக்கே தள்ளிவந்தார்கள். மோட்டார் இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் கழித்துத்தான் வருவார் என்றார்கள். நடுவில் ஒரு நாள், ஷெட்டில் யாரும் இல்லாதபோது நான் டிரம்மைக் கழற்றினேன். யாரும் என்னைச் சொல்லவில்லை. மொதலாளிகூடச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குள்ளேயே படுத்துவிட்டார். லைனிங் கறுத்து, கண்ணாடி மாதிரி மின்னியது. பெட்ரோலால் துடைத்தேன். உப்புத்தாள் வைத்து மேல்தோல் போகும்வரை தேய்த்தேன். மறுபடி மாட்டினேன். இதற்குமேல் நான் செய்ததற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து வண்டியை ஷெட்டிலிருந்து சந்தை மைதானம்வரை ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவை பிரேக் போட்டார். பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்த வண்டி, சொன்ன இடத்தில் நின்றது.

"பிரேக் வேலை யார் பார்த்தது?" என்றார்.

"நான்தாங்க."

"கோளாறு ஏதாவது உண்டா?"

மொதலாளி தூண் ஓரமாக நின்று என்னைப் பார்த்தார். அவருக்குத் தன் எண்ணெயைப் பற்றி அன்றுவரை எதுவும் தெரியாது. இன்றுவரையும் தெரியாமல் இருக்கலாம்.

"நல்லா கீதுங்க" என்றேன்.

பிரேக் நல்லதென்றால் கால்தான் கெட்டது. பண்டிகை நாள் வேறு. குடித்திருப்பான் என்று ஊரே முடிவு கட்டியது. கள்ளச்சாராயக்காரன் வாசலில்கூட நிற்காதவனுக்கு ஒரு வருஷம் ஜெயில், லைசென்ஸ் ரத்து. கோர்ட்டில் என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இறங்கினேன். செத்தவளின் பெயரை அங்கே வாசித்திருப்பார்கள். என் காதில் விழவில்லை. விழ விடவில்லை என்பதுதான் சரி. அவள் எந்த ஊர், வீட்டில் யார் இருந்தார்கள் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். வீட்டில் என் மனைவி கேட்டபோது, "நான் பாத்த பிரேக்கு எப்பவும் கெடாது" என்று சாப்பாட்டின் மேல் குனிந்துகொண்டு சொன்னேன். பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

5

அடுத்த வருஷம் சீமையில் ஃபிட்டர்களுக்கு வேலை இருக்கிறது, வவுச்சர் என்று ஒரு சீட்டு வாங்கினால் குடும்பத்தோடு போகலாம் என்று ஆவடியில் கூட வேலை பார்த்தவர் எழுதினார். விண்ணப்பப் பாரம் வந்தது. பதினாறு கேள்வி. குடும்பப் பெயர் என்ன என்று கேட்ட இடத்தில் எனக்குப் போட ஒன்றுமில்லை, அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் சவரிமுத்து. டெப்போவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், அப்பாதான் எங்கோ பின்னால் நிற்கிறாரோ என்று இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு, வேலை கொடுத்தவர் நற்சான்று இணைக்க வேண்டும். மொதலாளி வக்கீல் குமாஸ்தாவை வைத்து அருமையான இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார். என் பராமரிப்பில் அவர் காருக்கு ஒருநாளும் பிரேக் கோளாறு வந்ததில்லை என்று அதில் ஒரு வரி. நல்லெண்ணத்தில்தான் போட்டார். இங்கே டெப்போ ஃபோர்மன் அந்த வரியைத்தான் முதலில் படித்தார். பிரேக் பெஞ்சைக் காட்டினார். ஆரம்பத்தில் சொன்னேனே பட்டியல், என்னை அதில் சேர்த்தது இந்த வரிதான்.

ஏகாம்பரம் ஜெயிலிலிருந்து வந்த மாதம் நான் கப்பல் ஏறினேன். போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை.

6

பேட்டைக் குப்பையில் எறிந்த சனிக்கிழமைக்கு அடுத்த வாரம் ஊரிலிருந்து என் தம்பி கடிதத்தோடு இன்னொரு தாள் மடித்து வந்தது. எழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. பேசுவது போலவேதான் எழுதுவான்.

"தாவீதுக்கு ஏகாம்பரம் எழுதிக்கினது. நல்லா கீறியா. நான் கீறேன். ரைஸ் மில்லுல மூட்ட தூக்கிக்கினு கீறேன், முதுகு பேஜார் பண்ணுது. மில்லுக்கு லாரி வாங்கறாங்க. லைசென்ஸ் திரும்பக் கெடச்சா என்னியே ஓட்டச் சொல்லிக்கிறாரு மில்லுக்காரரு. ஆபீசுல போயி கேட்டேன். பழைய கேஸு கீது, கூட வேல செஞ்சவங்க யாருனா எழுதிக் குடுத்தா பாக்கலாம்னாங்க. நீ சீமையில கீற, உன் எழுத்துக்கு மதிப்பு உண்டு. ஏகாம்பரம் நல்லா ஓட்டுவான், குடிக்க மாட்டான்னு ரெண்டு வரி எழுதி அனுப்பு. வேற ஒண்ணும் வேணாம்."

வேற ஒண்ணும் வேணாம். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு திட்டுகூட இல்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் இரண்டு வரிதான் கேட்கிறான். அவன் கேட்டதை மட்டும் கொடுத்திருக்கலாம். அரைமணி நேர வேலை. என் பெயரும் கெடாது, அவனுக்கும் ஒருவேளை லைசென்ஸ் கிடைக்கும். ஆனால் பிரேக் நன்றாக இருந்தது என்ற பழைய வாக்குமூலம் கோப்பில் இருக்கும்வரை, நல்லவன் என்ற இரண்டு வரிக்கு அந்த ஆபீசில் யார் மதிப்புக் கொடுப்பார்கள்? நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

லீவு போட்டுவிட்டு நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு ரயில் ஏறினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நம் பக்கத்து ஆள்தான், தமிழே பேசினார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"நற்சான்றுன்னா முத்திரை குத்தி இன்னைக்கே தந்துடுவேன். நீங்க சொல்றது வாக்குமூலம். சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். முன்னால பொய் சாட்சி சொன்னதா நீங்களே ஒத்துக்கறீங்க. பின்னால ஊருக்குப் போனா உங்க மேலயே கேஸ் வரலாம். இங்க வேலையிலயும் கேள்வி வரலாம். யோசிச்சீங்களா?"

"ஏழு வருஷமா வேற எதுவும் யோசிக்கல சார்" என்றேன்.

"சரி, இங்கிலீஷ்ல டைப் அடிச்சிக் கொண்டுவாங்க" என்றார்.

கொண்டுபோனேன், சத்தியம் செய்தேன், தபாலில் சேர்த்தேன். அது போய் ஆறு வாரம் ஆகிறது. ஏகாம்பரத்திடமிருந்து பதில் இல்லை. லாரியை யார் ஓட்டுகிறார்கள் என்று தம்பிக்கு எழுதிக் கேட்டேன், அவனும் எழுதவில்லை. டெப்போவில் நானே ஃபோர்மனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் என் கையையே பார்த்தார். இப்போதைக்குப் பெஞ்சை மாற்றியிருக்கிறார். பஸ்களுக்கு விளக்கு மாட்டுகிறேன். மேற்கொண்டு என்ன என்று மேலிடம் சொல்ல வேண்டும். கிரேஸ் தன் காரை எடுத்துக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டாள்.

7

இடையில் ஒன்றை விட்டுவிட்டேன். வாக்குமூலத்தை டைப் அடித்தது கிரேஸ்தான்.

எனக்கு இங்கிலீஷில் பேசத்தான் வரும், எழுத வராது. வெளியாள் யாரிடமும் கொடுக்கவும் மனம் வரவில்லை. ஞாயிறு மத்தியானம் அவள் மிஷினைச் சமையலறை மேஜையில் வைத்து உட்கார்ந்தாள். பேட்டை எறிந்த நாளிலிருந்து நாங்கள் சரியாகப் பேசவில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள். லைனிங், விளக்கெண்ணெய், பெட்ரோல், உப்புத்தாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டைப்பிஸ்டுக்கு அது தேவைதான்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்போது நடவுக்கு வந்திருந்த ஒரு கூலிப் பெண்..." என்று சொன்னேன்.

அவள் விரல்கள் நின்றன. பிறகு மறுபடி அடித்தாள். நான் சொன்னதைவிட அதிகமாக அடித்த மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன். அந்த வரியில் ஒரு பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோவிந்தம்மா.

"இது யாரு?" என்றேன்.

"அவங்கதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கிரேஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இங்கே வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து எனக்கு இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். தமிழை மறந்துவிட்டாள் என்று நானும் அவள் அம்மாவும் குறைப்பட்டுக்கொள்வோம். அன்றைக்கு வந்தது ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டில் அவள் பேசிய அதே தமிழ்.

"அவுங்க பொண்ணு சரசு மிஷன் ஸ்கூல்ல என் கிளாஸு. என் பக்கத்துலதான் குந்துவா. பத்து நாள் கழிச்சி ஸ்கூலுக்கு வந்தா. அது உங்க நைனா பாக்கற வண்டிதானேன்னு கேட்டா. பிரேக்கு கெட்டுப்போயி இருந்துச்சான்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?" என்றேன்.

"நீ வூட்ல சொன்னதத்தான் சொன்னேன் நைனா. எங்க நைனா பாத்த பிரேக்கு எப்பவும் கெடாதுன்னேன்."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"அப்பறம் அவ என்கூடப் பேசவே இல்ல. மறுநாள்லேருந்து ஸ்கூலுக்கும் வரல. நாத்து நடப் போயிட்டான்னு சொன்னாங்க" என்றாள்.

என் பொய் எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவில் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பதினோரு வயதுப் பிள்ளை அதை என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துப்போய், செத்தவளின் மகள் கையிலேயே கொடுத்திருக்கிறது. அதனால் என்ன ஆனது என்று அன்றைக்கே அதற்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவுமில்லை, அதனால் அது சொல்லவுமில்லை. என் மகள் இந்த நாட்டுக்கு வந்ததால் என்னைவிட்டு விலகிப் போனாள் என்று உங்களுக்கு எழுதத்தான் நான் முதலில் பேனாவை எடுத்தேன்.

கிரேஸ் தாளை மிஷினில் நேராக்கினாள்.

"அடுத்த வரி சொல்லு நைனா" என்றாள்.

பிரேக் பிடிக்காது என்று எனக்கு முன்பே தெரியும் என்றேன். அதை அப்படியே அடித்தாள்.